ரோமுக்கு எந்தத் தெய்வத்தோடும் பகையில்லை

(வாசகர் வட்டம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரோமும் கிறிஸ்தவமும் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சினிமா காட்டிய அரங்கம். மேலே பித்தேறிய பேரரசன், கீழே மணலில் மண்டியிட்டு நிற்கும் கூட்டம், கூண்டுக்குள் உறுமும் சிங்கம். அது முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காட்சியோடு நின்றுவிட்டால் ஒரு கேள்விக்கு விடை கிடைக்காது. எகிப்தின் ஐசிஸ், பாரசீகப் பெயர் கொண்ட மித்ரா, சிரியாவின் சூரிய தெய்வம் என்று வந்த தெய்வங்களுக்கெல்லாம் இடம் கொடுத்த ரோம், நாசரேத்தூர்த் தச்சர் ஒருவரைத் தெய்வமென்று கும்பிட்டவர்களை மட்டும் ஏன் தண்டித்தது?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோமுக்கு எந்தத் தெய்வத்தோடும் பகையில்லை. அதற்கு இருந்தது அச்சம். தெய்வங்களுக்குச் செய்ய வேண்டியதைச் சிலர் செய்யாமல் விட்டால், அவற்றின் கோபம் எல்லோர் தலையிலும் விடியும் என்ற அச்சம். பிற்பாடு ரோம் கிறிஸ்தவத்துக்கு மாறியது. இந்த அச்சம் மட்டும் மாறவில்லை. இந்த இரண்டாவது செய்தியைச் சொல்லத்தான் முக்கியமாக வந்திருக்கிறேன்.

ரோமானியரின் வழிபாடு எப்படிப்பட்டது? அவர்களுக்கு வேதநூல் கிடையாது. 'நான் இன்னின்னதை நம்புகிறேன்' என்று சபையில் அறிக்கையிடும் வழக்கமும் கிடையாது. வீட்டுக்குள் லார் என்னும் காவல் தெய்வங்களுக்கு ஒரு மாடம் இருக்கும். பொம்பேயி இடிபாடுகளில் இன்றைக்கும் அந்த மாடங்களைப் பார்க்கலாம். வாசற்படிக்கு ஒரு தெய்வம், வயல் வரப்புக்கு ஒரு தெய்வம், பயிரில் விழும் துரு நோய்க்குக்கூட ரோபிகஸ் என்று ஒரு தெய்வம். அரசும் அப்படித்தான். சகுனம் பார்க்காமல் போருக்குப் புறப்படுவதில்லை, பெரிய முடிவெடுப்பதில்லை. பூசாரிகள் தனிச் சாதியோ துறவிகளோ இல்லை. அரசியல் நடத்திய அதே பெருங்குடிப் பிள்ளைகள்தான். ஜூலியஸ் சீசர் கி.மு. 63-இல் தலைமைப் பூசாரிப் பதவிக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தவர். கி.மு. 12-இல் அகஸ்டஸ் அந்தப் பதவியை ஏற்றார். அவருக்குப் பின் வந்த பேரரசர்களும் அதை விடவில்லை.

உள்ளே என்ன நம்புகிறாய் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. பேச்சாளர் சிசரோ பறவைச் சகுனம் பார்க்கும் அரசாங்கப் பூசாரிக் குழுவில் உறுப்பினர். அவரேதான் கி.மு. 44-இல் சகுனமாவது குறியாவது என்று பக்கம் பக்கமாக வாதாடி ஒரு நூல் எழுதினார். அதற்காக அவரை யாரும் பதவியிலிருந்து இறக்கவில்லை. எழுதுவதை எழுதலாம், சந்தேகப்படுவதைச் சந்தேகப்படலாம், சடங்கு நாளில் சடங்கு நடந்தாக வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

நம் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவதை நினைத்துப் பாருங்கள். வரி கொடுப்பவனுக்கு அம்மன்மேல் எவ்வளவு பக்தி என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆனால் ஒரு வீடு மட்டும் தரமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டு, அந்த ஆண்டு மழையும் பொய்த்துவிட்டால் ஊர் என்ன பேசும்? கிறிஸ்தவர்கள் ரோமுக்கு அந்தக் கதவு சாத்திய வீடு.

வெளியூர்த் தெய்வங்கள் விஷயத்தில் ரோமுக்குக் கூச்சமே இருந்ததில்லை. கார்த்தேஜின் தளபதி அனிபால் இத்தாலிக்குள் படையோடு திரிந்த காலத்தில், கி.மு. 204-இல், ஆசியா மைனரிலிருந்து மகா அன்னை என்ற தெய்வத்தின் கருங்கல் ஒன்றைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து நகரத்துக்குள்ளேயே குடிவைத்தார்கள். ஆனால் அந்த அன்னைக்குத் தம்மைத் தாமே காயடித்துக்கொண்டு ஊழியம் செய்யும் பூசாரிகள் உண்டு. அந்தக் கூட்டத்தில் ரோமக் குடிமகன் எவனும் சேரக் கூடாது என்று தடை போட்டார்கள். தெய்வம் வரலாம், அரசின் வாசல் வழியாக வர வேண்டும், அரசு வகுத்த வரம்புக்குள் இருக்க வேண்டும்.

அந்த வாசலில் சொல்லிக்கொள்ளாமல் பரவிய வழிபாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குக் கி.மு. 186-இல் ஒரு சாட்சி இருக்கிறது. மது தெய்வமான பாக்கஸுக்கு இரவில் கூடிச் சடங்கு நடத்துகிறார்கள், அங்கே ஒழுக்கக்கேடும் கொலையும் நடக்கின்றன என்று புகார் கிளம்பியது. ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். சிறையில் அடைக்கப்பட்டவர்களைவிடக் கொல்லப்பட்டவர்களே அதிகம் என்கிறார். செனட் அப்போது பிறப்பித்த ஆணை பொறித்த வெண்கலத் தகடு 1640-இல் இத்தாலியின் தென்கோடியில் டிரியோலோ என்ற ஊரில் கிடைத்தது. இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாக்கஸைக் கும்பிடாதே என்று அந்தத் தகடு சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. கும்பிட்டே தீர வேண்டும் என்பவன் ரோமுக்கு வந்து நீதி அதிகாரியிடம் சொல்லட்டும், 100 செனட்டர்களுக்குக் குறையாத கூட்டத்தில் அனுமதி பெறட்டும், ஐந்து பேருக்கு மேல் ஒன்றாகக் கூடாதிருக்கட்டும், பொதுப் பணம் சேர்க்காதிருக்கட்டும். ஆட்சேபணை தெய்வத்தின்மேல் இல்லை. ஆட்கள் கூடுவதன்மேல், உண்டியல்மேல், ரகசியத்தின்மேல். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ரோமானியர் போன இடமெல்லாம் தங்கள் சடங்கையும் கட்டி எடுத்துப் போனார்கள். பியூட்டிங்கர் வரைபடம் என்று ஒன்று உண்டு. பழைய ரோமானிய வழித்தடப் படத்தைப் பார்த்து இடைக்காலத்தில் பிரதி எடுத்தது. அதில் நம் சேர நாட்டு முசிறிக்குப் பக்கத்தில் 'அகஸ்டஸ் கோயில்' என்று குறித்துக் கோயில் படமும் போட்டிருக்கிறது. மிளகு வாங்க வந்த இடத்திலும் பேரரசருக்குக் கோயில். இறந்த பேரரசரைத் தெய்வமாக வணங்குவதும், இருக்கும் பேரரசரின் நலனுக்காகத் தெய்வங்களுக்குப் படைப்பதும், நான் இந்த அரசைச் சேர்ந்தவன் என்று காட்டிக்கொள்ளும் முறை.

இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காத ஒரு கூட்டம் கிறிஸ்தவர்களுக்கு முன்பே இருந்தது. யூதர்கள். அவர்கள் வேறு தெய்வத்துக்குப் படைக்க மாட்டார்கள். ரோம் அதைச் சகித்துக்கொண்டது. காரணம், அவர்கள் வழக்கம் பழையது, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருவது. யூதர்களைச் சற்றும் பிடிக்காத வரலாற்றாசிரியர் டாசிடஸே, அவர்களுடைய சடங்குகளுக்குப் பழமை என்ற நியாயம் உண்டு என்று எழுதுகிறார். தவிர, எருசலேம் கோயிலில் பேரரசருக்கு இல்லாவிட்டாலும் பேரரசரின் நலனுக்காகத் தினமும் பலி நடந்தது. கி.பி. 66-இல் கலகக்காரர்கள் அந்தப் பலியை நிறுத்தியதையே ரோமானியர் போர்ப் பிரகடனமாக எடுத்துக்கொண்டார்கள். 70-இல் கோயில் இடிக்கப்பட்ட பிறகு, யூதர்கள் தலைக்கு இரண்டு தினாரி வரி கட்ட வேண்டியிருந்தது. வரி கட்டினார்கள், வழிபாட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

கிறிஸ்தவர்களுக்கு இந்த நிழலும் இல்லை. அவர்கள் நேற்று முளைத்தவர்கள். ஓர் இனமாகவோ ஊராகவோ இல்லை. பூர்வீகச் சொத்தைப் போலப் பூர்வீகத் தெய்வத்தை மதித்த சமூகத்தில், அப்பன் கும்பிட்டதை உதறிவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய கடவுளோ ரோமானிய ஆளுநர் ஒருவர் தீர்ப்பெழுதிச் சிலுவையில் அறைந்த ஆள். கி.பி. 64-இல் ரோம் எரிந்தபோது பேரரசர் நீரோவுக்குப் பழிபோட ஆள் தேவைப்பட்டது. கையில் அகப்பட்டவர்கள் இவர்கள். நாய்களை ஏவிக் கடிக்க விட்டதையும் இரவில் விளக்காக எரித்ததையும் டாசிடஸ் விவரிக்கிறார். தண்டனைக்குரியவர்கள்தான் என்று அவரே சொன்னாலும், மக்களுக்கு இவர்கள்மேல் இரக்கம் பிறந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் நீரோவின் கொடுமை ரோம் நகரத்தோடு நின்றது. படித்த, நிதானமான, மனசாட்சியுள்ள ரோமானியன் இவர்களை எப்படிப் பார்த்தான்? அதற்குக் கருங்கடல் கரைக்குப் போக வேண்டும்.

இன்றைய துருக்கியின் வட பகுதி அன்று பித்தினியா-பான்டஸ் மாகாணம். கி.பி. 112 வாக்கில் அங்கே ஆளுநர் இளைய பிளினி. வழக்கறிஞர், டாசிடஸின் நண்பர், எதையும் மேலிடத்தைக் கேட்டுச் செய்யும் அதிகாரி. பேரரசர் டிராஜனோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து அப்படியே நமக்குக் கிடைத்திருக்கிறது.

அதில் முதலில் ஒரு தீயணைப்புக் கடிதம். நிக்கோமீடியா நகரில் பெரிய தீ. வீடுகள் எரிகின்றன, மக்கள் கைகட்டி வேடிக்கை பார்க்கிறார்கள், ஊரில் ஒரு வாளிகூட இல்லை. 150 பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் அமைக்கலாமா என்று கேட்கிறார் பிளினி. வேண்டாம் என்கிறார் டிராஜன். என்ன பேர் வைத்தாலும், எதற்காகக் கூடினாலும், கூடுகிற கூட்டம் சீக்கிரமே அரசியல் கட்சியாகிவிடும். தீயணைக்கும் சாமான்களை வாங்கி வையுங்கள், வீட்டுக்காரர்களே அணைத்துக்கொள்ளட்டும். தீயை அணைக்கக் கூடுபவர்களையே நம்பாத அரசு, விடியலுக்கு முன் கூடிப் பாடுபவர்களை நம்புமா?

பிளினியிடம் கிறிஸ்தவர்கள் என்று சிலர்மேல் புகார் வருகிறது. இதற்கு முன் இப்படிப்பட்ட விசாரணையில் இருந்ததில்லை, என்ன வழக்கம் என்று தெரியவில்லை என்று பேரரசருக்கு எழுதுகிறார். வயதுக்கேற்பத் தண்டனையைக் குறைக்கலாமா? விட்டுவிட்டேன் என்பவனை மன்னிக்கலாமா? கிறிஸ்தவன் என்ற பெயரே குற்றமா, அந்தப் பெயரோடு ஒட்டிய குற்றங்கள் இருந்தால்தான் தண்டனையா? நல்ல வழக்கறிஞரின் கேள்விகள். ஆனால் விடை வருமுன்பே அவர் ஆட்களைக் கொல்ல ஆரம்பித்துவிட்டார். நீ கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்டார், தண்டனையைச் சொல்லி மிரட்டினார், பிடிவாதம் பிடித்தவர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பினார். அவர்கள் நம்பிக்கை எதுவாயிருந்தாலும் அந்தப் பிடிவாதமே தண்டனைக்குரியது என்பது அவர் நியாயம். ரோமக் குடியுரிமை உள்ளவர்களை மட்டும் ரோமுக்கு அனுப்பப் பெயர் குறித்துவைத்தார்.

பிறகு கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதாசி ஒன்று வருகிறது, பெயர்ப் பட்டியலோடு. பிளினி ஒரு சோதனை வைக்கிறார். தெய்வச் சிலைகளையும் டிராஜனின் உருவத்தையும் கொண்டுவந்து வைக்கச் சொல்லி, சாம்பிராணி போட்டு, திராட்சை ரசம் ஊற்றி, கிறிஸ்துவைச் சபிக்கச் சொல்கிறார். உண்மையான கிறிஸ்தவன் இதைச் செய்ய மாட்டான் என்று கேள்விப்பட்டிருந்தார். பலர் செய்தார்கள். சிலர், நாங்கள் கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள்தான், விட்டு மூன்று வருஷமாச்சு என்றார்கள். ஒரு சிலர் இருபது வருஷம் என்றார்கள்.

அவர்களிடம் விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான். குறித்த நாளில் விடியலுக்கு முன் கூடுவோம். கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுவோம். திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், வாக்குத் தவற மாட்டோம், அடைக்கலமாக வைத்ததை இல்லையென்று மறுக்க மாட்டோம் என்று உறுதி எடுப்போம். பிறகு கலைந்துபோய் மறுபடி கூடி உணவு உண்போம், சாதாரண உணவு. சங்கங்களைத் தடைசெய்து ஆணை வந்ததும் அதையும் நிறுத்திவிட்டோம். பிளினிக்கு நம்பிக்கை வரவில்லை. சபையில் ஊழியம் செய்துவந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து கேட்டார். வரம்பு மீறிய மூடப் பழக்கம் ஒன்றைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை என்று எழுதுகிறார். அந்த இரண்டு பெண்களின் பெயரைக்கூட அவர் குறிக்கவில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. தன் நடவடிக்கைக்குப் பிறகு வெறிச்சோடிக் கிடந்த கோயில்களுக்கு மக்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், வாங்க ஆளில்லாமல் கிடந்த பலி இறைச்சிக்கு மறுபடி கிராக்கி வந்திருக்கிறது என்கிறார். மொட்டைக் கடிதாசியை எழுதியவன் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் கோயிலைச் சுற்றிப் பிழைப்பு நடத்தியவர்கள் கோபமாக இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். எபேசு நகரில் ஆர்த்தமிஸ் தேவியின் வெள்ளிக் கோயில் செய்து விற்ற தட்டார்கள் பவுலுக்கு எதிராகக் கலகம் செய்ததாக அப்போஸ்தலர் பணிகளும் சொல்கிறது.

டிராஜனின் பதில் சில வரிகள்தான். அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம். யாராவது புகார் கொடுத்து நிரூபித்தால் தண்டிக்கலாம். இல்லையென்று மறுத்து நம் தெய்வங்களைக் கும்பிட்டால் மன்னித்துவிடலாம். மொட்டைக் கடிதாசியை ஏற்காதீர்கள். அது நம் காலத்துக்கு அழகில்லை. கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பிற்பாடு இதைச் சரியாகக் கிண்டல் செய்தார்: குற்றவாளி என்றால் ஏன் தேடக் கூடாது, நிரபராதி என்றால் ஏன் தண்டிக்க வேண்டும்? திருடனிடம் 'திருடவில்லை என்று சொல், விட்டுவிடுகிறேன்' என்று எந்த நீதிபதியும் சொல்வதில்லை. இந்த வழக்கில் மட்டும் நீதிபதி அதைத்தான் கெஞ்சிக் கேட்கிறார்.

கெஞ்சல் என்று நான் மிகைப்படுத்தவில்லை. கி.பி. 180-இல் கார்த்தேஜில், ஸ்கில்லி என்ற சிற்றூரிலிருந்து 12 பேர் ஆளுநர் சடர்னினஸ் முன் நிறுத்தப்பட்டார்கள். நாங்களும் பக்தியுள்ளவர்கள்தான், எங்கள் பக்தி எளிமையானது, பேரரசரின் நலனுக்காக வேண்டிக்கொள்கிறோம், நீங்களும் அதைச் செய்தால் போதும் என்றார் அவர். 30 நாள் அவகாசம் தருகிறேன், யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். அவகாசமே வேண்டாம் என்றார்கள். தலை வெட்டப்பட்டது. 203-இல் அதே நகரில் பெர்பெத்துவா, 22 வயது, கைக்குழந்தைக்காரி. சிறையில் அவரே எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. வயதான தந்தை மகளின் கையை முத்தமிட்டு, காலில் விழுந்து அழுகிறார். எங்களை ஊரில் தலைநிமிர முடியாமல் செய்துவிடாதே என்கிறார். அதிகாரியும் அப்பாவின் நரைமுடியைப் பார், பிள்ளையைப் பார், பேரரசர்களுக்காக ஒரு படையல் போடு என்கிறார். பெர்பெத்துவா மறுத்துவிட்டார். அரசுக்கும் குடும்பத்துக்கும் கிறிஸ்தவர்கள் புரியாத புதிராக இருந்தது இந்த இடத்தில்தான். இவர்களிடம் கேட்பது மிகச் சின்ன விஷயம், அதைச் செய்ய உயிரைவிடப் பெரிய தடை என்ன இருக்க முடியும்?

கிறிஸ்தவர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மற்ற தெய்வங்கள் இல்லவே இல்லை என்று அவர்களில் பலர் நினைக்கவில்லை. இருக்கின்றன, ஆனால் பேய்கள் என்று நினைத்தார்கள். தன் குலதெய்வத்தைப் பேய் என்பவனைப் பக்கத்து வீட்டுக்காரன் எப்படிப் பார்ப்பான்? கோயில் இல்லை, சிலை இல்லை, பலி இல்லை; ஆகவே இவர்கள் நாத்திகர்கள் என்று தெருவில் பேசினார்கள். ஸ்மிர்னாவில் முதியவர் பாலிகார்ப்பிடம், நாத்திகர்கள் ஒழிக என்று சொல், விட்டுவிடுகிறேன் என்றார் ஆளுநர். அவர் அரங்கத்தில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கையை வீசி, நாத்திகர்கள் ஒழிக என்று சொன்னாராம். குழந்தையை மாவில் மூடிக் கொன்று தின்கிறார்கள், விளக்கை அணைத்துவிட்டு அண்ணன் தங்கை பாராமல் கூடுகிறார்கள் என்று வதந்தி வேறு. பாக்கஸ் வழிபாட்டின்மேல் சொன்னதே புதுப் பெயரோடு திரும்பி வந்தது.

வெறுப்பு எப்போதும் வாளோடு வரவில்லை, கேலியோடும் வந்தது. ரோமில் பாலடைன் குன்றில், அரண்மனைப் பணிச் சிறுவர்கள் தங்கிப் பயின்ற இடம் என்று கருதப்படும் கட்டடத்தில், சுவர்ப் பூச்சில் கீறிய படம் ஒன்று 1857-இல் கண்டெடுக்கப்பட்டது. சிலுவையில் ஒருவன் தொங்குகிறான். அவன் தலை கழுதைத் தலை. கீழே ஒரு பையன் அதைப் பார்த்துக் கையை உயர்த்துகிறான். அலெக்சமெனோஸ் தன் சாமியைக் கும்பிடுகிறான் என்று கிரேக்கத்தில் கோணல் எழுத்து. கி.பி. 200-ஐ ஒட்டியது என்று பொதுவாகக் கணிக்கிறார்கள். பக்கத்து அறை ஒன்றில் 'அலெக்சமெனோஸ் விசுவாசி' என்று இன்னொரு கீறல். பதில் சொன்னது அவனேதானா, மறுபடி யாரோ சீண்டினார்களா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படித்தவர்களும் பேசினார்கள். நையாண்டிக்காரர் லூசியன், பெரிகிரினஸ் என்ற எத்தன் கிறிஸ்தவனாக நடித்துச் சிறைக்குப் போனதையும், விதவைகளும் அனாதைகளும் விடியற்காலையிலேயே சிறைவாசலில் காத்து நின்றதையும், பணம் குவிந்ததையும் சிரித்துக்கொண்டே எழுதினார். ஏமாளிகள் என்பது அவர் தீர்ப்பு. ஆனால் தங்களுக்குள் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்று நினைக்கும் ஏமாளிகள். மருத்துவர் காலென், இவர்கள் எதையும் தர்க்கத்தால் நிறுவாமல் நம்புகிறவர்கள் என்று குறைபட்டார். ஆனால் சாவுக்கு அஞ்சாமையிலும் புலனடக்கத்திலும் தத்துவ ஞானிகளுக்குக் குறைந்தவர்கள் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

கடுமையான எதிர்ப்பு செல்சஸ் என்ற தத்துவவாதியிடமிருந்து வந்தது. கி.பி. 178 வாக்கில் அவர் எழுதிய நூல் அழிந்துவிட்டது. சுமார் 70 ஆண்டு கழித்து மறுப்பெழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன் வரிக்கு வரி எடுத்துக் காட்டியதால் பெரும்பகுதி பிழைத்திருக்கிறது. கம்பளி நெய்பவனும் செருப்புத் தைப்பவனும் துணி வெளுப்பவனும் எஜமானர்கள் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள், வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் தனியே பிடித்துக்கொண்டு உபதேசம் செய்கிறார்கள் என்று எரிச்சல்படுகிறார். ஆனால் அவருடைய உண்மையான கவலை வேறு. எல்லோரும் உங்களைப் போல நடந்தால் பேரரசர் தனியே நிற்பார், நாடு காட்டுமிராண்டிகள் கையில் போய்விடும்; வந்து பதவி ஏற்று, படையில் சேர்ந்து, நாட்டுக்குத் தோள் கொடுங்கள் என்று அழைக்கிறார். எதிரியின் குரலைவிட, கோபித்துக்கொண்ட சக குடிமகனின் குரல் அதில் தூக்கலாகக் கேட்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்தவை. விசுவாசத்துக்காக இறந்தவர்கள் எண்ணிவிடக்கூடிய சிலரே என்று 248 வாக்கில் ஓரிஜனே எழுதினார். அந்தக் கணக்கு அடுத்த இரண்டு ஆண்டில் மாறியது. 248-இல் ரோம் தன் ஆயிரமாவது ஆண்டு விழாவைக் கொண்டாடியது. எல்லையில் கோத்தியர்கள், உள்ளே தளபதிகளின் கலகம். 249-இல் பதவிக்கு வந்த பேரரசர் டேசியஸ், தெய்வங்கள் முகம் திருப்பிக்கொண்டன என்று நினைத்திருக்க வேண்டும். பேரரசு முழுவதிலும் எல்லோரும் பலி கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு அத்தாட்சிச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார்.

அந்தச் சீட்டுகள் 40-க்கும் மேல் எகிப்தின் மணலில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆரேலியஸ் டையோஜெனிஸ் என்பவருடையது. வயது 72, வலப் புருவத்தில் தழும்பு என்று அங்க அடையாளம் குறித்திருக்கிறது. எப்போதும் தெய்வங்களுக்குப் படைத்து வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் ஆணைப்படி படைத்தேன், ஊற்றினேன், உண்டேன், சான்றளிக்க வேண்டுகிறேன் என்கிறது மனு. கீழே அதிகாரிகளின் கையொப்பம். தேதி 250 ஜூன் 26. இன்னொரு சீட்டு ஆரேலியா அம்மோனஸ் என்ற பெண்ணுடையது. அவர் முதலைத் தெய்வத்தின் பூசாரிணி. பூசாரிணியே வரிசையில் நின்று, நான் சாமி கும்பிடுகிறவள் என்று சீட்டு வாங்குகிறார்! டேசியஸ் கிறிஸ்தவர்களை மட்டும் குறிவைத்தாரா என்பது இன்றும் விவாதம். எனக்கு அந்தச் சீட்டு போதும். அவர் கேட்டது எல்லோருடைய கையெழுத்தையும். கையெழுத்துப் போட மறுத்தவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்களிலும் பலர் படைத்தார்கள், பலர் காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினார்கள். டேசியஸ் அடுத்த ஆண்டே கோத்தியரோடு நடந்த போரில் மடிந்தார்.

கடைசிப் பெரிய அலை 303 பிப்ரவரி 23-இல் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில் தொடங்கியது. இந்த முறை கட்டடமும் புத்தகமும் குறி. வட ஆப்பிரிக்காவின் சிர்ட்டா நகரில் அதிகாரிகள் சபைவீட்டில் நடத்திய சோதனையின் பட்டியல் நம்மிடம் உள்ளது. தங்கக் கிண்ணங்கள் 2, வெள்ளிக் கிண்ணங்கள் 6, பெண்களுக்கான சட்டைகள் 82, முக்காட்டுத் துணிகள் 38, ஆண்களுக்கான சட்டைகள் 16, ஆண்களின் செருப்பு 13 ஜோடி, பெண்களின் செருப்பு 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்துவைத்த துணிமணி என்று நினைக்க இடமுண்டு. கூட்டம், உண்டியல், ரகசியம் என்று ரோம் அஞ்சிய இடத்தில் அதிகாரிகள் எண்ணி எழுதிக்கொண்டது பெரும்பாலும் சட்டையும் செருப்பும்.

இப்போது கதை திரும்பும் இடம். கொடுமையை முன்னின்று நடத்திய கலேரியஸ், சாகக் கிடந்தபோது, 311 ஏப்ரலில் ஓர் ஆணை வெளியிட்டார். கிறிஸ்தவர்கள் முன்னோர் வழியை விட்டார்கள். கட்டாயப்படுத்திப் பார்த்தோம், நம் தெய்வங்களையும் கும்பிடவில்லை, தங்கள் கடவுளையும் கும்பிட முடியாமல் நிற்கிறார்கள். ஆகவே அனுமதிக்கிறோம், அவர்கள் தங்கள் கடவுளிடம் நமக்காகவும் நாட்டுக்காகவும் வேண்டிக்கொள்ளட்டும். தோற்ற பிறகும் அதே கணக்கு! எந்தத் தெய்வமும் கும்பிடப்படாமல் கோபத்தோடு இருக்கக் கூடாது. இரண்டு ஆண்டு கழித்துப் பேரரசர்கள் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் எல்லோருக்கும் வழிபாட்டுரிமை கொடுத்தபோது சொன்ன காரணமும் இதுதான்: வானத்தில் எந்தத் தெய்வம் இருந்தாலும் அது நமக்கும் நம் குடிகளுக்கும் அனுகூலமாக இருக்கட்டும்.

380-இல் பேரரசர் தியோடோசியஸ், எல்லோரும் ரோமாபுரிக்குப் பேதுரு கொடுத்த விசுவாசத்தையே பின்பற்ற வேண்டும் என்று ஆணையிட்டார். மறுப்பவர்களைக் கடவுள் தண்டிப்பார், பிறகு நாமும் தண்டிப்போம். 392-இல் வந்த சட்டம் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. பலி கொடுப்பது ராஜத்துரோகம். வீட்டுத் தெய்வத்துக்கு விளக்கேற்றக் கூடாது, திராட்சை ரசம் ஊற்றக் கூடாது, மாலை தொங்கவிடக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது. போட்டால் அந்த வீடே பறிமுதல். பிளினியின் மன்றத்தில் சாம்பிராணி போடாதவனுக்குச் சாவு. ஏறக்குறைய 280 ஆண்டுக்குப் பின், போட்டவனுக்கு வீடு இல்லை.

செனட் மண்டபத்தில் அகஸ்டஸ் காலத்திலிருந்து வெற்றித் தேவியின் பீடம் ஒன்று இருந்தது. 382-இல் அதை எடுத்துவிட்டார்கள். 384-இல் ரோம் நகர அதிகாரி சிம்மாகஸ் அதைத் திருப்பி வைக்கக் கேட்டு மனுப் போட்டார். எல்லோரும் பார்ப்பது ஒரே வானத்தை, அவ்வளவு பெரிய மறைபொருளை ஒரே பாதையில் போய் அடைய முடியாது என்பது அவர் வாதம். கன்னிப் பூசாரிணிகளின் மானியத்தை நிறுத்தினீர்கள், பஞ்சம் வந்தது என்றும் சேர்த்துக்கொண்டார். மிலான் ஆயர் அம்புரோஸ் கடுமையாக எதிர்த்தார். மனு தள்ளுபடியானது.

சிம்மாகஸுக்கு 170 ஆண்டு முன்னால், 212 வாக்கில், தெர்த்துல்லியன் ஆப்பிரிக்க ஆளுநர் ஸ்காபுலாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் விரும்பியதை வணங்குவது மனிதனின் பிறப்புரிமை, மதத்தைக் கட்டாயப்படுத்துவது மதமே ஆகாது என்று அதில் வாதாடியிருந்தார். அதற்கும் பலன் கிடைத்ததாகத் தெரியவில்லை. இரண்டு மனுவையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் பழைய தெய்வங்களின் பக்தர். வேண்டுகோள் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டையும் எழுதியவர்கள் கையில் அதிகாரம் இல்லாத பக்கத்தில் நின்றவர்கள் என்பதும் ஒன்று.

இதைக் கிறிஸ்தவம் வென்ற கதை என்று சிலர் சொல்வார்கள், பழைய ரோமின் பரந்த மனம் தோற்ற கதை என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. சிசரோவைச் சந்தேகிக்க விட்ட ரோமேதான் பெயர்கூடக் குறிக்காத இரண்டு அடிமைப் பெண்களை வதைத்தது. விடியற்காலையில் கூடிப் பாடியவர்களின் வாரிசுகள்தான் வீட்டு மாடத்து விளக்குக்குச் சட்டம் போட்டார்கள். இடையில் தெய்வம் மாறியது. பக்கத்து வீட்டுக்காரன் கும்பிடாவிட்டால் நமக்குக் கேடு வரும் என்ற எண்ணம் மட்டும் அரியணையோடு சேர்த்துக் கைமாற்றப்பட்டது. ஓர் அரசு அந்த எண்ணத்தை நம்பத் தொடங்கிவிட்டால், அது எந்தத் தெய்வத்தின் பெயரால் நம்புகிறது என்பது தண்டிக்கப்படுகிறவனுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஒரு காலத்தின் சகிப்புத்தன்மையை அளக்க, எத்தனை தெய்வங்களுக்கு அங்கே கோயில் இருந்தது என்று எண்ணாதீர்கள். எந்தக் கோயிலுக்கும் போக மாட்டேன் என்றவனை அது என்ன செய்தது என்று கேளுங்கள். பழைய ரோமும் புதிய ரோமும் அந்தக் கேள்வியில் தேறவில்லை.